கேமரா போகாத சுரங்கம்: கில்போவா சிறையிலிருந்து தப்பிய ஆறு பேரும் அவர்களைப் படமெடுப்பதும்

இரண்டு புகைப்படங்கள். ஒன்றில், சிறை அறையின் குளியலறைத் தரையில் ஓர் ஓட்டை. உடம்பை ஒடுக்கிக்கொண்டால்தான் ஆள் இறங்க முடியும். மற்றொன்றில், மதிலுக்கு வெளியே மண்தரையில் இன்னோர் ஓட்டை. அதைச் சுற்றி நின்று குனிந்து பார்க்கும் சீருடைக்காரர்கள். 2021 செப்டம்பர் 6 அன்று உலகம் பார்த்தது இவ்வளவுதான். முதல் ஓட்டையில் இறங்கிய ஆறு பாலஸ்தீனக் கைதிகள் இரண்டாவது ஓட்டை வழியாக ஏறிப் போய்விட்டிருந்தார்கள். இடையில் இருந்த இருபது முப்பது மீட்டர் சுரங்கத்தையும், அதைத் தோண்டிய ஒன்பது மாதங்களையும், வெளியே வந்தபின் அவர்கள் நடந்த வயல்களையும் எந்தக் கேமராவும் பார்க்கவில்லை.

இதைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறவருக்கு முதல் தலைவலி அங்கேயே தொடங்கிவிடுகிறது. சிறையிலிருந்து தப்பும் கதை சினிமாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை: திட்டம், கருவி, தூங்கிவிடும் காவலர், கடைசி நிமிடப் பதற்றம் எல்லாம் அதில் உண்டு. புனைவுப் படம் என்றால் செட் போட்டு எடுத்துவிட்டுப் போகலாம். ஆவணப்படத்துக்குச் சான்று வேண்டும். இங்கே காட்சிச் சான்று முழுக்க ஒரே தரப்பின் கையில் இருக்கிறது. கண்காணிப்புக் கேமராப் பதிவுகள், விசாரணை அறைப் பதிவுகள், பிடிபட்ட நொடியில் எடுத்த படங்கள் எல்லாமே இஸ்ரேலியச் சிறைத்துறையிடமும் காவல்துறையிடமும் உள்ளவை. கைதிகள் தரப்பில் மிஞ்சியது சொல் மட்டும். பல ஆண்டுகளுக்கு அதுவும் வக்கீல் வாய்வழியாகத்தான் வந்தது.

ஆகவே இப்படியொரு படத்தைப் பார்க்க உட்காரும்போது, எப்படித் தப்பினார்கள் என்ற கேள்வியோடு, இதை யார் சொல்கிறார், யார் எடுத்த காட்சியை வைத்துச் சொல்கிறார் என்ற கேள்வியையும் கையில் வைத்திருப்பது நல்லது.

பெட்டகம்

கில்போவா சிறை இஸ்ரேலின் வடக்கே, பெய்த் ஷெஆன் பள்ளத்தாக்கை ஒட்டி, பழைய ஷத்தா சிறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2004-இல் திறக்கப்பட்டது. பாதுகாப்புக் கைதிகளுக்கென்றே கட்டிய உச்சக் காவல் சிறை என்பதால் 'பெட்டகம்' என்று பட்டப்பெயர், அரபியில் கஸ்னா. பூட்டினால் பூட்டியதுதான் என்ற பெருமை அந்தப் பெயரிலேயே இருந்தது. அங்கிருந்து மேற்குக் கரையின் எல்லை சில கிலோமீட்டர்தான். தப்பிய ஆறு பேரும் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் ஜெனின் மாவட்டத்துக்காரர்கள். வீட்டுக்கு இவ்வளவு அருகே, ஒரே ஊர்ப்பக்கத்து ஆட்களை, ஒரே அறையில் ஏன் வைத்தீர்கள் என்று பின்னால் இஸ்ரேலியப் பத்திரிகைகளே கேட்டன.

ஆறு பேரில் மூத்த திட்டக்காரர் மஹ்மூத் அல்-ஆரிதா. அர்ராபா ஊர்க்காரர், 1996 முதல் சிறையில் இருந்தவர், ஆயுள் தண்டனை. அதே ஊரைச் சேர்ந்த முஹம்மத் அல்-ஆரிதா 2002-இல் பிடிபட்டவர். இருவரையும் உடன்பிறந்தவர்கள் என்று பல செய்திகள் எழுதின. தந்தையர் பெயர் வேறு வேறு, ஒரே குடும்பக் கிளையின் உறவினர்கள், அவ்வளவே. பீர் அல்-பாஷாவின் யாகூப் காத்ரி 2003 முதலும், கஃபர் தானின் அய்ஹம் கமம்ஜி 2006 முதலும் உள்ளே இருந்தவர்கள். இந்த நால்வரும் ஆயுள் கைதிகள். யஃபத் ஊரின் முனாதில் நஃபீஆத் மட்டும் இருபதுகளில் இருந்த இளைஞர். அவருக்குத் தண்டனையே இன்னும் விதிக்கப்படவில்லை. இந்த ஐவரும் இஸ்லாமிய ஜிஹாத் இயக்கத்தவர்.

ஆறாவது ஆள் ஸகரியா ஸுபைதி. ஃபத்தா என்ற பாலஸ்தீன இயக்கத்தின் ஆயுதப் பிரிவான அல்-அக்ஸா தியாகிகள் படையணியின் ஜெனின் முகமாக, 2000-களின் பாலஸ்தீன எழுச்சியான இரண்டாம் இன்திஃபாதா காலத்தில் அறியப்பட்டவர். 2019-இல் கைதாகி வழக்கு நடந்துகொண்டிருந்தது. தப்பிப்பதற்கு முந்தைய நாள்தான் அந்த அறைக்கு மாற்றம் கேட்டுப் போனார். இயக்கம் வேறு, வயது வேறு, வழக்கு வேறு. ஆனாலும் மறுநாள் வெளியான செய்திகளில் அவர் பெயர்தான் முதலில் வந்தது. கேமராவுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரே முகம் அவருடையது என்பதுதான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவர்கள் துண்டறிக்கை ஒட்டியதற்காக உள்ளே போனவர்கள் அல்ல. கமம்ஜி ஆயுள் தண்டனை பெற்றது 2006-இல் 18 வயது இஸ்ரேலியக் குடியேறி ஒருவர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில். இஸ்ரேலியர்களுக்கு அந்த ஆறு பேரும் கொலைகாரர்கள், பயங்கரவாதிகள். பாலஸ்தீனர்களுக்கு ஆக்கிரமிப்பின் இராணுவ நீதிமன்றம் தண்டித்த போராளிகள். இந்தப் பிளவை ஒதுக்கிவிட்டு, சாகசத்தை மட்டும் காட்டும் படம் பாதிப் படம்தான்.

ஸ்பூன் சொன்ன கதை, ஸ்பூன் மறைத்த கதை

தோண்டும் வேலை 2020 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் பிரிவு, ஐந்தாம் எண் அறை. குளியலறைத் தரையில் வடிகால் பக்கம் திறப்பு. ஸ்பூன், தட்டு, பாத்திரக் கைப்பிடி, எங்கிருந்தோ கழற்றிய இரும்புத் துண்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தியதாக மஹ்மூதின் வக்கீல் சொன்னார். அந்தச் செய்தி வந்த சில மணி நேரத்தில் ஸ்பூன் கொடியாகிவிட்டது. ஊர்வலங்களில் ஸ்பூன் ஏந்தினார்கள்; சுவர்களில் வரைந்தார்கள்; கார்ட்டூன்காரர்களுக்கு அந்த வாரம் வேறு பொருளே தேவைப்படவில்லை. சுரங்கத்துக்கு 'நஃபக் அல்-ஹுர்ரியா', விடுதலைச் சுரங்கம் என்று பெயர் விழுந்தது.

ஸ்பூன் நல்ல குறியீடு. ஆனால் நடந்ததற்கு அது மோசமான விளக்கம். ஸ்பூனையே காட்டிக்கொண்டிருக்கும் படம் கைதிகளின் மன உறுதியைச் சொல்லிவிடும். ஒரு நவீன உச்சக் காவல் சிறை எப்படித் தோற்றது என்பதைச் சொல்லாது. உண்மையில் அதுதான் விறுவிறுப்பான பகுதி.

முதலில் கட்டடம். கில்போவாவின் தரைக்கு அடியில், அடித்தளத்தில், வெற்றிடங்கள் இருந்தன. தரையை உடைத்து இறங்கியதும் கெட்டியான மண் காத்திருக்கவில்லை. தவழ்ந்து போகக் கொஞ்சம் இடம் காத்திருந்தது. தோண்டிய மண்ணில் ஒரு பகுதியை அங்கேயே தள்ள முடிந்தது. மீதி கழிவுநீர்க் குழாயிலும் குப்பையிலும் போனது. எந்தச் சுரங்கக் கதையிலும் தோண்டுவதைவிட மண்ணை ஒளிப்பதுதான் பெரிய வேலை. வீட்டில் கிணறு வெட்டியவர்களுக்கு இது தெரியும்: குழிக்குள் இருந்த மண் வெளியே வந்ததும் இரண்டு மடங்காகத் தெரியும். இந்தச் சிறையின் அமைப்பு வரைபடம், அதை வடிவமைத்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடந்தது என்பதும் தப்பித்த பிறகுதான் அம்பலமானது.

அடுத்து, எச்சரிக்கை. 2014-இலேயே பக்கத்து ஷத்தாவில் ஒரு சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த முயற்சியில் மஹ்மூத் அல்-ஆரிதாவும் இருந்தார். தப்பக்கூடியவர் என்று கோப்பில் குறி இருந்தும், அதே மாதிரி அறை, அதே மாதிரி குளியலறை. மூன்றாவதாக, அன்றைய இரவு. சுரங்கம் வெளியே திறந்த இடம் ஒரு காவல் கோபுரத்துக்கு அருகில். கோபுரத்தில் இருந்த காவலர் தூங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. கைபேசி அலைகளை முடக்கும் கருவி பொருத்தியிருந்தும் இயக்கப்படவில்லை. அன்று மாலையில் யூதப் புத்தாண்டு தொடங்கவிருந்தது. வயல் பக்கம் சந்தேகப்படும்படி சிலர் நடமாடுகிறார்கள் என்று அதிகாலை 2 மணி வாக்கில் பொதுமக்கள் சொன்ன தகவல்தான் முதல் துப்பு. சிறைக்குள் தலையெண்ணிப் பார்த்து ஆறு பேர் குறைகிறார்கள் என்று உறுதிசெய்ய அதற்குப் பிறகும் நேரம் பிடித்தது.

அப்போது சிறைத்துறையின் தலைவர் கேட்டி பெர்ரி. ஆமாம், பாடகியின் பெயரேதான். அந்த வாரம் அந்தப் பெயரை வைத்து வந்த நகைச்சுவைகளுக்கு அளவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி மெனாஹெம் ஃபிங்கெல்ஸ்டைன் தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைத்தது. காவலர்களும் அதிகாரிகளும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள்.

ஆவணப்பட இயக்குநருக்கு இந்த விசாரணை ஒரு தங்கச் சுரங்கம் மாதிரி. கைதிகளைப் பற்றி அரசு சொல்வதை நம்பலாமா என்று சந்தேகிக்கலாம்; அரசு தன் தோல்வியைப் பற்றித் தானே சொல்வதைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. அதைத் தொடாமல் வெறும் வீரப் பின்னணி இசையோடு கடந்துபோகும் படங்கள் கையில் கிடைத்த சான்றை வீணாக்குகின்றன என்பது என் எண்ணம்.

சப்பாத்திக்கள்ளிப் பழம்

வெளியே வந்ததும் ஆறு பேரும் சேர்ந்து நாஊரா என்ற அரபுக் கிராமத்துக்கு நடந்தார்கள். அது இஸ்ரேலுக்குள்ளேயே இருக்கும், இஸ்ரேலியக் குடியுரிமை பெற்ற பாலஸ்தீனர்களின் ஊர். அங்கே பள்ளிவாசலில் சிறிது நேரம் இருந்துவிட்டு, இரண்டு இரண்டு பேராகப் பிரிந்தார்கள். கையில் ஒரு சிறிய ரேடியோ. தங்களைத் தேடும் செய்தியைத் தாங்களே கேட்டுக்கொண்டு நடந்தார்கள்.

செப்டம்பர் 10 அன்று மஹ்மூதும் யாகூபும் நாசரேத்தில் பிடிபட்டார்கள். மறுநாள் விடியலில் ஸுபைதியும் முஹம்மதும் ஷிப்லி-உம் அல்-கனம் பக்கம் லாரிகள் நிறுத்தும் இடத்தில் சிக்கினார்கள். கமம்ஜியும் நஃபீஆத்தும் மட்டும் எல்லையைத் தாண்டி ஜெனின் நகருக்கே போய்ச் சேர்ந்தார்கள். 19-ஆம் தேதி இராணுவம் அவர்கள் தங்கியிருந்த வீட்டைச் சூழ்ந்தது. வீட்டுக்காரர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதால் சரணடையப் போகிறேன் என்று கமம்ஜி போன் செய்து சொன்னதாக அவருடைய அப்பா செய்தியாளர்களிடம் சொன்னார்.

பிடிபட்டவர்கள் வக்கீலைப் பார்க்க முதலில் அனுமதி இல்லை. சில நாள் கழித்துத் தடை நீங்கியதும் வக்கீல்கள் வெளியே கொண்டுவந்த சொற்கள்தான் இந்தக் கதையின் உயிர்ப்பகுதி. ஸுபைதியின் தாடையும் விலா எலும்புகளும் முறிந்திருக்கின்றன என்று அவருடைய வக்கீல் சொன்னார். முஹம்மத் தன்னை அடித்து, நீண்ட நேரம் விசாரித்ததைச் சொன்னார். யாகூபோ, வெளியே இருந்த அந்த ஐந்து நாட்களைத் தன் வாழ்நாளின் இனிய நாட்கள் என்றார். இன்னொரு செய்தியும் வந்தது: மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியில் நடந்தபோது முஹம்மத் சப்பாத்திக்கள்ளிப் பழம் பறித்துத் தின்றார், சிறைக்குப் போன பிறகு அதுவே முதல் தடவை.

இந்தப் பழத்தை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். பாலஸ்தீனத்தில் கோடைக் கடைசியில் பழுக்கும்; அரபியில் அதன் பெயர் பொறுமை என்ற பொருளுள்ள 'ஸப்ர்' என்ற சொல்லோடு ஒட்டியது. பழைய கிராமங்களில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேலியாக இந்தக் கள்ளியைத்தான் நட்டார்கள். 1948-இல் மக்கள் விரட்டப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்ட பல ஊர்களில் இன்று கல் தெரியாது, பெயர்ப்பலகை இருக்காது; கள்ளிவேலி மட்டும் வரிசை தவறாமல் முளைத்து நிற்கும். இதே பழத்தின் பெயரால்தான் இஸ்ரேலில் பிறந்த யூதர்களும் தங்களை 'ஸப்ரா' என்று அழைத்துக்கொள்கிறார்கள்: வெளியே முள், உள்ளே இனிப்பு என்று. ஒரே செடி மேல் இரண்டு மக்களின் உரிமைக் கோரிக்கை. தப்பி வந்த ஒருவர் தாத்தா காலத்தில் தம் மக்களுக்கு இருந்த நிலத்தில் நின்று அதைத் தின்கிறார். எந்தத் திரைக்கதை ஆசிரியராவது இப்படி எழுதியிருந்தால் கொஞ்சம் அதிகப்படி என்று அடித்திருப்பார்கள்.

அந்த நாட்களில் கசப்பான வதந்தி ஒன்றும் பரவியது. நாசரேத்தில் பிடிபட்ட இருவரையும் அங்குள்ள அரபுக் குடும்பம் ஒன்று காட்டிக்கொடுத்துவிட்டது என்பது அது. மேற்குக் கரையிலும் காஸாவிலும் இருப்பவர்களுக்கும், இஸ்ரேலுக்குள் வாழும் பாலஸ்தீனர்களுக்கும் நடுவே எப்போதும் இருக்கும் ஒரு கீறலில் நகத்தை வைத்த மாதிரி ஆயிற்று. தப்பிப்பதற்கு நான்கு மாதம் முன்பு, 2021 மே மாதத்தில்தான் இரு தரப்பும் ஒரே நேரத்தில் இஸ்ரேலுக்கு எதிராகத் தெருவில் இறங்கியிருந்தன. மஹ்மூத் வக்கீல் மூலம் அனுப்பிய செய்தி அதற்குப் பதிலாக அமைந்தது: யாரும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, உதவி செய்தவர்களுக்குத் தண்டனை வந்துவிடும் என்று நாங்களே ஊர்களுக்குள் போகாமல் தவிர்த்தோம், தற்செயலாக வந்த ரோந்து வண்டிதான் கண்டது. இஸ்ரேலியக் காவல்துறை சொன்ன கதை வேறு. தங்களுக்குத் தகவல் வந்தது என்றார்கள். எது சரி என்று தீர்க்க ஆவணப்படத்தால் முடியாமல் போகலாம். ஆனால் ஒரு கைதி, விசாரணைக் களைப்போடு வக்கீலைப் பார்க்கும் முதல் சந்திப்பில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார் என்பதே ஒரு சான்றுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

2022 மே மாதம் நாசரேத் நீதிமன்றம் ஆறு பேருக்கும் கூடுதலாக ஐந்தாண்டுச் சிறையும் 5,000 ஷெக்கல் அபராதமும் விதித்தது. உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட வேறு ஐந்து கைதிகளுக்கு நான்காண்டு. ஆயுள் கைதிக்கு மேலும் ஐந்தாண்டு என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆனால் கைதிப் பரிமாற்றம் என்ற ஒரே வாசல் திறக்கும் நாளில் ஒவ்வொரு தண்டனையும் பேரத்தில் எடை போடப்படும்.

ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியின் மக்களை அந்தப் பகுதிக்குள்ளேயேதான் சிறைவைக்க வேண்டும் என்கிறது நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 76-ஆம் பிரிவு. மேற்குக் கரையில் கைதானவர்களை இஸ்ரேலுக்குள் இருக்கும் கில்போவாவில் அடைப்பதை மனித உரிமை அமைப்புகள் எதிர்ப்பது இதை வைத்துத்தான். போர்க்கைதி தப்ப முயன்று சிக்கினால் ஒழுங்கு நடவடிக்கை மட்டும் எடுக்கலாம் என்கிறது மூன்றாம் உடன்படிக்கை. தப்புவது கைதியின் இயல்பு என்ற பழைய போர்வீர மரபு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் இஸ்ரேல் இவர்களைப் போர்க்கைதிகளாக ஏற்பதில்லை, குற்றவாளிகளாகவே நடத்துகிறது. 'சிறை உடைப்பு' என்பதா, 'தப்பித்தல்' என்பதா, 'விடுதலைச் சுரங்கம்' என்பதா என்று ஒரு படத்தின் தலைப்பு தடுமாறுவதற்கு இந்தத் தகராறுதான் வேர்.

2021-இல் இஸ்ரேலியச் சிறைகளில் இருந்த பாலஸ்தீனர்கள் சுமார் 4,600 பேர். அவர்களில் சில நூறு பேர் குற்றச்சாட்டே இல்லாமல், ஆறு மாதம் ஆறு மாதமாக நீட்டிக்கப்படும் நிர்வாகக் காவலில் இருந்தவர்கள். ஆறு பேர் தப்பியதற்கான தண்டனை மற்றவர்கள் தலையில் விடிந்தது: அறைச் சோதனை, இடமாற்றம், இஸ்லாமிய ஜிஹாத் கைதிகளைப் பிரித்துப் போடுதல். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உண்ணாவிரதம் இருக்கத் தயாரானார்கள். பிறகு பேச்சுவார்த்தையில் அது நின்றது.

பாலஸ்தீன வீடுகளில் சிறை என்பது தொலைவான சொல் இல்லை. தப்பிய கதைகளுக்கும் பழைய வரிசை ஒன்று உண்டு. 1958 ஜூலையில் ஷத்தாவில் கலவரம் செய்து 66 பேர் வெளியேறினார்கள். 11 கைதிகளும் 2 காவலர்களும் அதில் இறந்தார்கள். ஆரா கிராமத்தின் குத்துச்சண்டை வீரர் ஹம்ஸா யூனிஸ் 1964, 1967, 1971 என்று மூன்று முறை தப்பினார். 1996-இல் கஃபர் யோனாவிலிருந்து இருவர், 2003-இல் ஓஃபரிலிருந்து மூவர், இரண்டுமே சுரங்க வழி. இந்த வரிசையில் கனமானது 1987 மே மாதம் காஸா மத்தியச் சிறையில் நடந்தது. அங்கும் ஆறு பேர், அங்கும் இஸ்லாமிய ஜிஹாத். அக்டோபரில் ஷுஜாஇய்யாவில் நடந்த மோதலில் தப்பியவர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள். கொதிப்பு அடங்குவதற்குள் டிசம்பர் வந்தது, முதல் இன்திஃபாதா வெடித்தது. 2021-இல் இஸ்ரேலியப் பாதுகாப்பு வட்டாரம் பதறியது ஆறு மனிதர்களுக்காக மட்டும் அல்ல, இந்த நினைவுக்காகவும்தான்.

பார்க்காததைக் காட்டுவது

சிறையிலிருந்து பாலஸ்தீனர்களின் எழுத்து வெளியே வந்துகொண்டேதான் இருக்கிறது. மெல்லிய தாளில் பொடி எழுத்தாக எழுதி, பிளாஸ்டிக்கில் சுற்றி, விழுங்கிக் கொண்டுபோகும் 'கப்ஸூலா'க்கள் அந்த நாட்டில் தனி அஞ்சல்துறை மாதிரி. 2024-இல் அரபுப் புனைவுக்கான சர்வதேசப் பரிசை வென்ற நாவலை பாசிம் கந்தக்ஜி சிறையில் இருந்தபடியே எழுதினார். சொல் வரும், படம் வராது. அப்படியானால் இயக்குநர் என்னதான் செய்வார்?

சுலபமான வழி அனிமேஷன். அம்புக்குறி போட்டுச் சுரங்கத்தை வரைந்து காட்டுவது செய்தித் தொலைக்காட்சிகளின் வழக்கம். புரியும், ஆனால் மேலிருந்து பார்க்கும் அந்தப் பார்வை காவல் கோபுரத்தின் பார்வை. உள்ளே தவழ்பவருக்கு அப்படித் தெரியாது.

இன்னொரு வழியை ராயித் அன்தோனி கண்டுபிடித்தார். 2017-இல் பெர்லின் திரைப்பட விழாவின் ஆவணப்படப் பரிசை வென்ற அவருடைய 'கோஸ்ட் ஹன்ட்டிங்' படத்தில், ஜெருசலேமின் மோஸ்கோபியா விசாரணை மையத்தில் அடைபட்டிருந்த முன்னாள் கைதிகளை ரமல்லாவில் ஒரு கொட்டகையில் கூட்டி, அந்தச் சிறையை நினைவிலிருந்தே கட்டச் சொன்னார். அவரும் அங்கே இருந்தவர். சுவர் எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதுதான் படம். கண் தெரியாதபடி முகத்தை மூடி இழுத்துச் செல்லப்பட்டவர்கள், பார்க்காத அறையை உடம்பால் அளந்து வைத்திருக்கிறார்கள். கில்போவாவைப் பற்றி எடுக்கும் படத்துக்கு இந்த முறை பொருந்தும் என்று தோன்றுகிறது. ஒன்பது மாதம் தோண்டிய கைக்கு அந்த மண்ணின் ஈரம் நிச்சயம் நினைவிருக்கும்.

மூன்றாவது வழி, ஏற்கெனவே எடுத்து வைத்த காட்சி. இங்கேதான் ஸகரியா ஸுபைதியிடம் திரும்ப வேண்டியிருக்கிறது.

1980-களின் கடைசியில், முதல் இன்திஃபாதா நடந்துகொண்டிருந்தபோது, ஆர்னா மேர்-காமிஸ் என்ற யூதப் பெண்மணி ஜெனின் அகதி முகாமுக்கு வந்து பிள்ளைகளுக்குப் படிப்பும் நாடகமும் சொல்லிக்கொடுத்தார். இளமையில் யூதப் படைப்பிரிவான பால்மாக்கில் இருந்தவர். ஸலீபா காமிஸ் என்ற பாலஸ்தீனக் கம்யூனிஸ்ட்டைத் திருமணம் செய்தவர். 1993-இல் கிடைத்த, 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் பரிசுப் பணத்தை முகாமில் நாடக அரங்கு அமைக்கச் செலவிட்டார். அரங்கு அமைந்தது ஸகரியாவின் அம்மா ஸமீரா தந்த, தங்கள் வீட்டின் மாடியில். ஒத்திகைகளை ஆர்னாவின் மகன் ஜூலியானோ கேமராவில் பிடித்துவைத்தார். 1995-இல் ஆர்னா புற்றுநோயில் இறந்தார்.

2002-இல் இஸ்ரேலிய இராணுவம் முகாமைத் தகர்த்த பிறகு ஜூலியானோ திரும்பிப் போனார், அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்க்க. ஒருவர் இஸ்ரேலிய நகரில் தற்கொலைத் தாக்குதல் நடத்தி இறந்திருந்தார். ஒருவர் முகாம் சண்டையில் செத்திருந்தார். இன்னொருவர் ஆயுதக் குழுத் தலைவராகி, படப்பிடிப்பு முடிவதற்குள் கொல்லப்பட்டார். ஸமீராவும் ஸகரியாவின் சகோதரர் தாஹாவும் அந்த ஆண்டில் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர் ஸகரியா. 2004-இல் வந்த 'ஆர்னாவின் குழந்தைகள்' படத்தில், மேடையில் ஆடும் சிறுவர்களையும் துப்பாக்கி ஏந்திய அதே முகங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

அதற்குப் பிறகு, 2006-இல் ஜூலியானோவும் ஸகரியாவும் இன்னும் சிலரும் சேர்ந்து ஜெனினில் 'ஃப்ரீடம் தியேட்டர்' தொடங்கினார்கள். 2007-இல் ஸகரியா பொதுமன்னிப்பு பெற்று ஆயுதத்தை வைத்தார். 2011 ஏப்ரலில் ஜூலியானோவை அந்த அரங்கின் வாசலருகே யாரோ சுட்டுக் கொன்றார்கள். ஸகரியா பிர்ஸைத் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குச் சேர்ந்து, தேடப்படும் ஆளின் வாழ்க்கையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். 'வேட்டைக்காரனும் டிராகனும்' என்பது ஆய்வேட்டின் தலைப்பு. அந்தக் காலத்தில்தான் 2019-இல் மறுபடி கைது.

இந்த வாழ்க்கை முழுக்கக் கேமராவுக்கு முன்னால் நடந்தது. சுரங்கம் மட்டும் இருட்டில். ஆனால் இதில் ஒரு பொறியும் இருக்கிறது. கிடைக்கிற காட்சி ஸுபைதியுடையது என்பதால் படங்கள் அவரையே சுற்றுகின்றன. 25 ஆண்டு உள்ளே இருந்து திட்டம் போட்ட மஹ்மூதுக்குச் சில அடையாளப் புகைப்படங்களைத் தவிர எதுவும் இல்லை. காட்சி இருப்பவர் நாயகன் ஆகிவிடுகிறார், இல்லாதவர் துணைப் பாத்திரம் ஆகிவிடுகிறார். நல்ல ஆவணப்படம் இந்த ஓரவஞ்சனையைப் பார்ப்பவருக்குச் சொல்லிவிடும்.

தப்பிய பிறகான மாதங்களில் இராணுவத்தின் கவனம் ஜெனின்மேல் திரும்பியது. அந்தத் தப்பிப்பின்போது ஜெனினிலிருந்து செய்தி தந்த அல் ஜஸீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே, 2022 மே 11 அன்று அதே ஜெனினில் செய்தி சேகரிக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாட்களுக்குப் பிறகு, மோதலில் குண்டடிபட்ட ஸகரியாவின் சகோதரர் தாவூத் இறந்தார். 2024 செப்டம்பரில் ஸகரியாவின் மகன் முஹம்மத் தூபாஸில் ட்ரோன் தாக்குதலில் இறந்தபோது அப்பா சிறையில் இருந்தார்.

2025 ஜனவரியில் காஸா போர்நிறுத்தக் கைதிப் பரிமாற்றத்தில் கதவு திறந்தது. 25-ஆம் தேதி முஹம்மத் அல்-ஆரிதா விடுதலையானார். 30-ஆம் தேதி ஸகரியா ரமல்லாவில் பேருந்திலிருந்து இறங்கினார். கூட்டம் தோளில் தூக்கியது. இந்த முறை கேமராக்கள் நிறைய இருந்தன. ஒன்பது நாள் முன்பு, ஜனவரி 21 அன்று, இராணுவம் ஜெனின் முகாமுக்குள் நுழைந்து வீடு வீடாகக் காலி செய்யத் தொடங்கியிருந்தது. அவர் வளர்ந்த முகாமுக்குத் திரும்பிப் போனாலும் அங்கே ஆட்கள் இல்லை. சில வாரம் கழித்து ஒரு வெளிநாட்டு நிருபரிடம் அவர் பேசினார்: நாடகம் போட்டோம், என்ன நடந்தது; துப்பாக்கி எடுத்தோம், என்ன நடந்தது. சுரங்கத்தைப் பற்றி எல்லோரும் கேட்கக் காத்திருந்த நேரத்தில் அவர் பேசியது அந்த இரண்டையும் பற்றித்தான்.